சேர்ந்து பார்த்தால் முழு விலை

"கம்பியை எடுக்கத்தான் வந்திருக்கேன் அக்கா" என்றார் சகாயராஜ்.

உறையூரில் அந்தச் சந்துக்கு இருபத்தைந்து வருஷமாகக் கேபிள் கொடுத்தவர் அவர். ஒரு காலத்தில் தன் கையாலேயே மாடிக்கு மாடி இழுத்துக் கட்டிய கறுப்புக் கம்பியை இப்போது தானே வெட்டிச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார். மங்கையர்க்கரசி கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள். இனிமேல் 'கூடத்து ஊஞ்சல்' நாடகத்தை எதில் பார்ப்பதாம் என்று கேட்டாள்.

நெட்டில்தான் என்றார். நாடகத்தை நெட்டில் விடும் கம்பெனிக்கு அவரே ஏஜென்ட் ஆகியிருந்தார். சட்டைப் பையில் அட்டை கூட வைத்திருந்தார்.

"கம்பி இருந்தப்போ கலெக்டர் வீடானாலும் கஞ்சி குடிக்கிற வீடானாலும் ஒரே படம், ஒரே விலை. இனிமே ஆளுக்கு ஒரு விலை அக்கா."

"அதெப்படி, நாடகம் ஒண்ணுதானே?"

"எழுந்திரிக்காமப் பார்த்தா விலை குறையும். நடுவுல எழுந்து போனா ஏறும். அவங்கவங்க போன்ல தனித்தனியாப் பார்த்தா இன்னும் குறையும். எல்லாரும் டிவி முன்னாடி உக்காந்து சேர்ந்து பார்த்தா முழு விலை."

"சேர்ந்து பார்க்கிறதுக்குத் தண்டமா?"

"எனக்கும்தான் புரியல. கம்பெனிக்காரன் சொல்றான், நான் சொல்றேன்."

மங்கையின் ஒரே மகன் இளம்பரிதி, லாரி புக்கிங் ஆபீசில் வேலை பார்க்கிறவன், அன்று வீட்டில்தான் இருந்தான். வாசற்படியில் உட்கார்ந்து போனில் படிவத்தை நிரப்பினான். அம்மாவுக்கு ஒன்று, மனைவி சுடர்விழிக்கு ஒன்று, தனக்கு ஒன்று. சில கேள்விகளுக்குச் சிரித்தான். ஓரிடத்தில் தலையைச் சொறிந்துகொண்டு வீட்டுக்குள் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். ரேஷன் அட்டை நம்பர் கேட்கிறார்கள் போலிருக்கிறது என்று மங்கை நினைத்துக்கொண்டாள்.

அதன் பிறகு சாயங்காலம் ஏழு மணிக்கு அந்த வீட்டில் சத்தமே இல்லை. முன்பெல்லாம் நாடகத்தின் பாட்டு தொடங்கினால் சந்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை வீட்டுக்கு வீடு அதே பாட்டுதான் கேட்கும். அடுப்பில் இருப்பதை இறக்கிவிட்டு வருகிறவர்கள் ஒரு வரியைக்கூடத் தவறவிட்டதில்லை. இப்போது மங்கை சமையலறை ஸ்டூலில் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். சுடர் படுக்கையறையில் உட்கார்ந்தாள். பரிதிக்கு நாடகம் பிடிக்காது. போனை முன்னால் சாய்த்து வைத்துவிட்டுச் சாப்பிடுவான்.

அந்த வீட்டில் ஒரு பழக்கம் இருந்தது. எதையும் நேராகச் சொல்ல மாட்டார்கள். நேராகச் சொன்னால் அது சண்டை, நாடகத்தின் மேல் வைத்துச் சொன்னால் வெறும் பேச்சு. மங்கையின் மாமியார் அப்படித்தான் மங்கையிடம் பேசினாள். மங்கையும் அப்படியே பழகிக்கொண்டாள். 'கூடத்து ஊஞ்சல்' நாடகத்தில் சௌந்தரம்மாள் மாமியார், அபரஞ்சி மருமகள். மங்கை கோபமானாலும் கொஞ்சலானாலும் அந்த இரண்டு பேரையும் இழுக்காமல் வாய் திறக்க மாட்டாள். சுடரும் வந்த மூன்று வருஷத்தில் அந்த வித்தையில் தேறியிருந்தாள்.

சுடருக்கு அப்போது ஆறாம் மாதம். முதல் கர்ப்பம் மூன்றாம் மாதத்தில் கலைந்திருந்ததால் இந்த முறை வீடே பூனை நடை நடந்தது. பிரஷர் இருக்கிறது, ஒருவேளை கூட மாத்திரை தவறக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். சுடருக்கு மறதி. அதனால் மங்கையே வேளை தவறாமல் மாத்திரையைப் பிரித்து, வெந்நீரோடு கொண்டு போய் நீட்டினாள்.

ஒருநாள் அப்படி நீட்டும்போது பிரியமாகத்தான் சொன்னாள்.

"சௌந்தரம்மா அபரஞ்சிக்குப் பார்த்துப் பார்த்துக் கொடுக்கிற மாதிரிதான் நானும் உனக்குக் கொடுக்கிறேன். வாங்கிக்க."

சுடரின் முகம் வெளுத்துப் போனது. மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டாள். மங்கை திரும்பிப் போனதும் மாடிக்குப் போய் மணிபிளான்ட் தொட்டியில் துப்பினாள்.

இரண்டு நாள் கழித்து, வளைகாப்புக்கு நாள் பார்த்து வந்ததும், சுடர் துணி மடித்தபடி தன் பங்குக்குச் சொன்னாள்.

"வளைகாப்பு முடிஞ்ச கையோட அபரஞ்சி மாதிரி நானும் அம்மா வீட்டுக்குக் கிளம்பிடுவேன் அத்தை. அவ செஞ்சதுதான் சரி."

மங்கை கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்தாள். அன்று அவள் சாப்பிடவில்லை. மறுநாள் வளைகாப்பைத் தள்ளிப் போடலாமா, பிரசவத்தை இங்கேயே பார்த்துக்கொண்டால் என்ன என்று மகனிடம் ஆரம்பித்தாள். பரிதி அம்மாவுக்கு ஒரு தலையாட்டல், மனைவிக்கு ஒரு தலையாட்டல் என்று ஆபீசுக்குப் போய்விட்டான். வளைகாப்பு குறித்த நாளிலேயே வந்தது.

காலை பத்தரை மணி. மணப்பாறையிலிருந்து சுடரின் அம்மா பொற்கொடி ஐந்து வகைச் சோற்றோடும் ஒரு வேன் சொந்தக்காரர்களோடும் வந்திருந்தாள். சந்தனம், குங்குமம், தட்டு நிறையக் கண்ணாடி வளையல். சுடரின் பழைய வளையலை அளவுக்கு எடுத்துப் போய் ஒரு மாதம் முன்பே மங்கை பார்த்து வாங்கியவை. பொற்கொடி முதல் வளையலை எடுத்து மகளின் கையில் ஏற்றினாள். விரல் முட்டியைத் தாண்டவில்லை. எண்ணெய் தடவிப் பார்த்தாள். அழுத்தியபோது வளையல் இரண்டாக உடைந்தது.

கூடத்தில் ஆளாளுக்கு முகம் பார்த்துக்கொண்டார்கள். அபசகுனம் என்று யாராவது சொல்லிவிடப் போகிறார்களே என்று, பக்கத்து வீட்டு ரஹ்மத்தக்கா முந்திக்கொண்டார்.

"உடைஞ்சா உடையட்டும்டீ. நேத்து அபரஞ்சிக்கும்தான் வளைகாப்புல வளையல் உடைஞ்சுது. புருஷன் கப்பல்லேர்ந்து வந்து நிக்கலையா?"

"அபரஞ்சிக்கு ஏதுக்கா வளைகாப்பு?" என்றாள் கோடிவீட்டு மருமகள். "அவ புருஷன் துபாய்ல இன்னொருத்தியோட இருக்கான்னு தெரிஞ்சு வீட்டை விட்டே போய்ட்டாளே."

"என்னடீ உளர்றீங்க ரெண்டு பேரும்" என்றாள் சந்தனக் கிண்ணத்தோடு நின்ற பரிதியின் அத்தைக்காரி. "அபரஞ்சி செத்து இன்னியோட மூணு நாள்."

"எங்க வீட்ல சாகலையே" என்றார் ரஹ்மத்தக்கா.

எல்லாரும் சிரித்தார்கள். யார் பழைய நாடகத்தைப் பார்க்கிறது, யார் தூங்கிக்கொண்டே பார்க்கிறது என்று கேலி நடந்தது. பிறகு பந்தயம் போல ஆளாளுக்குப் போனை எடுத்தார்கள். நேற்றைய தேதி. அதே ஊஞ்சல், அதே அரக்குச் சேலை, அதே சௌந்தரம்மாள் முகம். ஆனால் ஒரு போனில் இருந்தது இன்னொரு போனில் இல்லை. துபாயில் புருஷன் இருக்கிறவள் போனில் அபரஞ்சியின் புருஷன் துரோகி. மகளைச் சாகக் கொடுத்த அத்தைக்காரியின் போனில் அபரஞ்சி பாடையில் கிடந்தாள். கப்பலுக்குப் போன மகனிடமிருந்து நாலு மாதமாகத் தகவல் இல்லாத ரஹ்மத்தக்காவின் போனில், கப்பல்காரன் வருகிறான், மறுபடியும் காணாமல் போகிறான்.

சிரிப்பு எங்கே நின்றது என்று யாருக்கும் தெரியவில்லை. நீட்டிய போன்களை ஒவ்வொருத்தியாகப் பின்னால் இழுத்துக்கொண்டார்கள். துபாய்க்காரன் மனைவி தன்னுடையதைத் தலைப்புக்குள் மறைத்தாள்.

சுடர் நாற்காலியில் இருந்தபடியே மாமியாரின் போனை வாங்கிப் பார்த்தாள். கிழவி சௌந்தரம்மாள் ஆளில்லாத கூடத்தில், பேரனுக்காகப் பிசைந்த பருப்புச் சோற்றுக் கிண்ணத்தோடு ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தாள். சோறு காய்ந்திருந்தது.

"உங்க சௌந்தரம்மா ஏன் அத்தை அழறா?"

"அவ என்னிக்குச் சிரிச்சா? அபரஞ்சிதான் பிரசவத்துக்குன்னு சொல்லிப் போனவ, பிள்ளையைக் கண்லயே காட்டலையே."

சுடர் தன் போனை நீட்டினாள். மங்கை கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தாள். அதே சௌந்தரம்மாள். அம்மிக்குழவியால் ஒரு மாத்திரையை நுணுக்கிப் பாலில் கலக்கிக்கொண்டிருந்தாள். கலக்கி முடித்து நிமிர்ந்து சிரித்தாள். எதிரில் வயிற்றைப் பிடித்தபடி அபரஞ்சி.

பார்த்துப் பார்த்துக் கொடுக்கிற மாதிரி என்று தான் சொன்னது மங்கைக்கு அப்போதுதான் காதில் விழுந்தது.

"அத்தை" என்றாள் சுடர். குரல் எங்கோ கிணற்றுக்குள் இருந்து வந்தது. "நான் மாத்திரை சாப்பிடல. இருபது நாளா சாப்பிடல. தலை வலிக்குது அத்தை. கண்ணுல பூச்சி பறக்குது."

மங்கை அவளுடைய வீங்கிய கையைப் பிடித்தாள். வளையல் ஏறாத கை.

சாப்பிட வந்திருந்த சகாயராஜ்தான் தன் வேனில் எல்லாரையும் அள்ளிப் போட்டுக்கொண்டு போனார். ஆஸ்பத்திரியில் பிரஷர் பார்த்த நர்ஸ் இரண்டாம் முறை பார்க்காமல் டாக்டரம்மாவைக் கூப்பிட ஓடினாள். பன்னிரண்டரைக்கு ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டு போனார்கள். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் இரண்டு உயிரும் இல்லை என்று டாக்டரம்மா பிறகு சொன்னார். வெளியே நின்றவர்களுக்கு அது அப்போது தெரியாது. ஆனால் பச்சைக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றதில் தெரிந்துதான் இருந்தது.

மங்கை சகாயராஜின் பக்கம் திரும்பினாள்.

"எனக்குப் புரியற மாதிரி சொல்லு சகாயம். ஒரு நாடகம் எப்படிப் பத்து நாடகம் ஆகும்?"

சகாயராஜ் தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். நடிகர்களிடம் முகத்தையும் குரலையும் மொத்தமாக வாங்கிவிட்டார்களாம். மிச்சத்தை மெஷின் எடுக்கிறதாம். பார்க்கிறவர் முகத்தைப் போன் பார்க்குமாம். எந்த இடத்தில் கண் இமைக்காமல் இருக்கிறோமோ அந்த வழியில் கதை திரும்புமாம். ஆளுக்கேற்ற கதை என்று ஏஜென்ட் கூட்டத்தில் சொன்னார்களாம். தான் அதை ஆளுக்குப் பிடித்த கதை என்று நினைத்துக்கொண்டதாகச் சொன்னார்.

"பிடிச்சதைக் காட்டக் கூடாதா? ஏன் இப்படி?"

"பிடிச்சதைப் பார்க்கிறவங்க நடுவுல எழுந்து தண்ணி குடிக்கப் போறாங்களாம் அக்கா. பயந்தவங்க எழுந்திரிக்கிறதில்லையாம். எழுந்திரிக்காம உக்காந்திருந்தா விளம்பரம் பார்ப்பாங்க. அதுலதான் அவனுக்கு வருமானம். அதான் நமக்கு விலையைக் குறைக்கிறான்."

"ரெண்டு பேர் சேர்ந்து பார்த்தா?"

"ரெண்டு பேருக்கும் ஒரே பயம் இருக்காதே. அதான் முழு விலை."

மங்கை மகனைத் தேடினாள். எதிர்ச் சுவரில் முதுகைச் சாய்த்துப் பரிதி நின்றிருந்தான்.

"முகத்தைப் பார்க்கும், சரி. என் பயம் அதுக்கு எப்படிடா தெரிஞ்சுது? தம்பி, உன்னைத்தான் கேக்கிறேன். அன்னிக்கு வாசற்படியில உக்காந்து என்ன தட்டினே?"

பரிதி தரையைப் பார்த்தபடி சொன்னான். பத்துக் கேள்வியாம். பத்தாவது, எதை நினைத்தால் இவருக்குத் தூக்கம் வராது என்பதாம். கட்டாயமில்லையாம். ஆனால் அதையும் நிரப்பினால் முதல் மூன்று மாதம் பாதி விலையாம்.

"என்ன எழுதினே?"

"உனக்கு… என் புள்ளை என்னைத் தனியா விட்டுட்டுப் போய்டுவான், பேரப்பிள்ளையைக் கண்ல காட்ட மாட்டாங்கன்னு சொல்லுவியே. அதை."

"அவளுக்கு?"

பரிதி பச்சைக் கதவைப் பார்த்தான். மங்கை மறுபடி கேட்டாள்.

"முதல் தடவை கலைஞ்சுதுல்ல. அப்போ நீ சீரகக் கஷாயம் வச்சுக் கொடுத்தே. அதனாலதானோ என்னவோன்னு ஒருநாள் சொன்னா. அதெல்லாம் இல்லைன்னு நான் சொல்லிட்டேன்மா. டாக்டரும் இல்லைன்னுட்டாங்க. அவளும் விட்டுட்டா."

"அவ விட்டுட்டா. நீ எழுதிட்டே."

"அம்மா, ஏதோ விளையாட்டுக்குக் கேக்கிறாங்கன்னு நினைச்சேன்."

"அதை அவ உன்கிட்ட மட்டும்தானே சொன்னா?"

"ம்."

"நானும் உன்கிட்ட மட்டும்தானே சொன்னேன்."

அவன் அழுதான். மங்கைக்கு அழுகை வரவில்லை. கடைசியாக ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், உனக்கு என்ன எழுதிக்கொண்டாய் என்று. எனக்குப் பயம் எதுவும் இல்லை என்று எழுதினேன், அதனால் என்னுடைய விலை மட்டும் குறையவே இல்லை என்றான்.

பெண் குழந்தை. ஒன்றேகால் கிலோ. கண்ணாடிப் பெட்டிக்குள், கைவிரல் ஒவ்வொன்றும் தீக்குச்சி அளவு. சுடர் பிழைத்துக்கொண்டாள். சகாயராஜ் அன்றே இரண்டு பெண்களின் போன்களையும் வாங்கி அந்தக் கம்பெனியை அதிலிருந்து வேரோடு பிடுங்கிப் போட்டார். ஏஜென்ட் அட்டையை ஆஸ்பத்திரிக் குப்பைத் தொட்டியில் போட்டதை மங்கை பார்த்தாள்.

பதினோராவது நாள் மத்தியானம். குழந்தைகள் வார்டுக்கு வெளியே, மஞ்சள் பெஞ்சில் மாமியாரும் மருமகளும். சுடரின் மடியில் பிழிந்த பால் ஒரு சின்னக் குப்பியில். வார்டிலிருந்து வரும் அழைப்பு பரிதியின் நம்பருக்குத்தான் வரும் என்பதால், வேலைக்குப் போகும்போது அவன் தன் போனை அம்மாவிடம் விட்டுப் போயிருந்தான். இரண்டு பேருக்கும் நடுவில் அது கிடந்தது.

சுடர்தான் முதலில் பேசினாள். நாடகத்தின் மேல் வைக்காமல் பேசினாள். மாத்திரைகளை எந்தத் தொட்டியில் துப்பினாள் என்பதையும், துப்பும்போது மாமியாரை ஜெயித்துவிட்டதாக நினைத்ததையும் சொன்னாள். சொல்லி முடிக்கும் வரை தலை நிமிரவில்லை.

மங்கை புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

"நீ சொன்னதுக்கு அப்புறம் நான் சொல்லாம இருந்தா அது பாவம். முதல் தடவை உனக்குக் கலைஞ்சுதுன்னு ஆஸ்பத்திரியில சொன்னப்போ நான் அழுதேன். நிஜமாத்தான் அழுதேன். ஆனா உள்ளுக்குள்ள எங்கியோ ஒரு மூலையில அப்பாடான்னு இருந்துச்சு. இப்போதைக்கு இவ அம்மா வீட்டுக்குப் போக மாட்டா, வீடு காலியாகாதுன்னு. ஒரு நிமிஷம்தான். அந்த ஒரு நிமிஷத்தை ரெண்டு வருஷமா யார்கிட்டயும் சொல்லல. பரிதிகிட்டயும் சொல்லல."

சுடரின் கையில் குப்பி அசையாமல் இருந்தது.

"இதைக் கேட்ட பிறகும் என்னை அந்த வீட்ல வச்சுக்குவியா சுடர்?"

அதற்குள் நர்ஸ் கதவைத் திறந்து பால் கேட்டாள். சுடர் எழுந்து உள்ளே போனாள். திரும்பி வந்தபோது பொற்கொடி வந்துவிட்டாள். மறுநாள் யாரோ, அதற்கு மறுநாள் யாரோ. குழந்தையின் எடை, குழந்தையின் மூச்சு என்றே பேச்சு போனது. மங்கை மறுபடி கேட்கவில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் பால் குப்பியை வாங்கும்போது மருமகளின் முகத்தைப் பார்த்தாள். பதில் அங்கே எழுதியிருக்குமா என்று பார்த்தாள்.

குழந்தை வீட்டுக்கு வந்த அன்று காலையிலேயே ரஹ்மத்தக்கா சர்க்கரையோடு வந்தார். பிள்ளையைக் கையில் வாங்கி நெற்றியில் முத்தமிட்டார். சுடர் துணி மாற்ற உள்ளே எடுத்துப் போனதும் மங்கையின் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தார்.

"நீங்க அந்தக் கருமாந்தரத்தை விட்டுட்டீங்க, நல்லதாப் போச்சு. நாங்களும் விட்டுட்டோம். ஆனா நேத்து எல்லாருக்கும் இலவசம்னு ஒண்ணு அனுப்பினான். சும்மாதானே வருதுன்னு திறந்து பார்த்துட்டேன். மங்கை, நம்ம தெரு முழுக்க ஒரே கதையாம்டீ. பழைய கேபிள் காலம் மாதிரி. எல்லா வீட்லயும் ஒரே அழுகை."

"என்ன கதை அக்கா?"

"அபரஞ்சியும் சௌந்தரம்மாவும் ஆஸ்பத்திரியில ஒரு மஞ்சப் பெஞ்சுல உக்காந்திருக்காங்க. மருமக மடியில பால் குப்பி. சௌந்தரம்மா புடவைத் தலைப்பை விரல்ல சுத்திக்கிட்டே சொல்றா, உனக்குக் கலைஞ்சப்போ ஒரு மூலையில அப்பாடான்னு இருந்துச்சுன்னு. எந்த மாமியாருக்குடீ அதைச் சொல்லத் தைரியம் வரும்? நான் எழுந்திரிக்கவே இல்லை."

மங்கை திரும்பினாள். கூடத்து மேஜையைப் பார்த்தாள். பரிதியின் போன் சார்ஜில் கிடந்தது. பெஞ்சில் நடுவில் கிடந்து அத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்த அதே போன். சகாயராஜ் இரண்டு போன்களைத்தான் வாங்கினார். பயமில்லாதவனின் போனை யாரும் நினைக்கவில்லை.

"அப்புறம் மருமக என்ன சொன்னா?" என்று கேட்டாள். கேட்டது தன் வாய்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

"அங்கதான் நிறுத்திட்டான் பாவி. அவ ஒண்ணும் சொல்லாம எழுந்து உள்ள போறா. மிச்சம் இன்னிக்கு ஏழு மணிக்காம். ஊரே காத்துக்கிட்டு இருக்கு. நீ சொல்லு, மன்னிப்பாளா மாட்டாளா?"

ரஹ்மத்தக்கா பதிலுக்குக் காத்திருக்காமல், அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்தேன் என்று கிளம்பினார்.

சுடர் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அறையிலிருந்து வந்தாள். ரஹ்மத்தக்கா பேசியது எதுவும் அவள் காதில் விழவில்லை. மாமியாரின் முகத்தைப் பார்த்ததும் நின்றாள். குழந்தையை மெல்ல மங்கையின் கையில் வைத்தாள்.

"அத்தை, அன்னிக்குப் பெஞ்சுல நீங்க ஒண்ணு கேட்டீங்க. நான் பதில் சொல்லாமலே இருந்துட்டேன். இன்னிக்குச் சொல்லிடறேன்…"

மேஜையில் போனின் திரை மெல்ல ஒளிர்ந்தது.

எத்தனையோ நாளாக அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்துக்கிடந்த மங்கையர்க்கரசி, குழந்தையை ஒரு கையில் இறுக்கிக்கொண்டு, மறு கையால் மருமகளின் வாயைப் பொத்தினாள்.